வண்டிப் பெயரைச் சொல்லி ஈசிஎம் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் மாதிரியான பழைய 1.8 டர்போ பெட்ரோல் வண்டிகளை ஆசையாகப் பராமரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரீமேப் செய்ய, அதாவது என்ஜினை இயக்கும் சாஃப்ட்வேரை மாற்றி எழுத நினைக்கும்போது, வண்டியோடு வந்த ஈசிஎம்மை (என்ஜின் கம்ப்யூட்டர் பெட்டியை) பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டு, செகண்ட்ஸில் இன்னொன்று வாங்கி அதில் வேலை பார்ப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் புதுப்பேட்டை, உக்கடம் பழைய உதிரிபாகக் கடைகளில் போய் "ஆக்டேவியா டர்போ ஈசிஎம் இருக்கா?" என்று கேட்டு, பெட்டி பார்க்க அதேபோல் இருக்கிறது என்று பணம் கொடுத்துவிடுகிறார்கள். காசு வீணாவது அங்கேதான்.

பெட்டி மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் இரண்டு நம்பர்கள் இருக்கும். ஒன்று பாஷ் நம்பர், அதாவது ஈசிஎம்மைத் தயாரித்த கம்பெனியின் நம்பர். பெட்ரோல் என்றால் 0 261 என்று தொடங்கும், டீசல் என்றால் 0 281. இன்னொன்று கார் கம்பெனி நம்பர். இந்த என்ஜினுக்கு 06ஏ 906 032, அதன் பின்னால் ஓரிரு எழுத்துகள் என்று வரும். 032-க்குப் பதில் 018 என்று இருந்தால் உடனே உஷாராக வேண்டும். அந்த வரிசையில் ஆக்ஸிலரேட்டர் கேபிளில் ஓடும் பழைய வண்டிகளின் ஈசிஎம்மும் உண்டு. கேபிளுக்குப் பதில் மோட்டார் காற்று வால்வைத் திறக்கும் எலெக்ட்ரானிக் திராட்டில் வண்டிக்கு அது ஆகவே ஆகாது.

கடைசி எழுத்துகளும் அப்படியே பொருந்த வேண்டும் என்று மாதக்கணக்கில் அலைபவர்களும் உண்டு. ரீமேப்புக்காக வாங்கும்போது அவ்வளவு பிடிவாதம் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. 032 வரிசையில் அந்த எழுத்துகள் பெரும்பாலும் உள்ளே இருக்கும் சாஃப்ட்வேரைத்தான் குறிக்கின்றன, சாஃப்ட்வேரை மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது போர்டு. மூடியைத் திறந்து பெரிய மெமரி ஐசியின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். 29எஃப்800 என்றால் 1 எம்பி, 29எஃப்400 என்றால் 512 கேபி. பெரிய ஃபைல் சின்ன ஐசிக்குள் போகாது. ஆக்சிஜன் சென்சாரையும் கவனிக்க வேண்டும். நாலு வயர் சென்சார் ஒரு ரகம், ஆறு பின் கப்ளரோடு வரும் வைட்பேண்ட் சென்சார் வேறு ரகம். ஈசிஎம் எந்த ரகத்துக்கானதோ அந்தச் சென்சாரும் வயரிங்கும் வண்டியில் இருந்தாக வேண்டும்.

மூடியைத் திறந்த கையோடு பின்களையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இந்த வண்டிகளில் ஈசிஎம் இருப்பது கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்தில், மழைத்தண்ணீர் வடியும் பள்ளத்தில். இலைச் சருகு வடிகாலை அடைத்தால் தண்ணீர் பெட்டியைத் தொட்டுவிடும். பின்னில் பச்சைப் பாசி மாதிரி பூத்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

லேபிளை மட்டும் நம்பவும் கூடாது, பிய்த்து ஒட்டுகிறார்கள். கடையிலேயே மேசைமேல் வைத்துச் சோதிக்கலாம். 121 பின்னில் 1, 2 எர்த்; 3, 21, 62, 121 ஆகியவற்றுக்கு ஃபியூஸ் வழியாக 12 வோல்ட்; 43-வது பின், கோளாறு பார்க்கும் ஸ்கேனர் ஈசிஎம்மோடு பேசும் கே-லைன். இணைப்புக் கொடுத்தால் ஸ்கேனரில் பார்ட் நம்பர், சாஃப்ட்வேர் பதிப்பு, எஸ்கேஇசட் என்று தொடங்கும் 14 எழுத்து இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு) எண், பிந்தைய வண்டிகள் என்றால் 17 எழுத்து சேஸிஸ் நம்பர் எல்லாம் தெரியும். லேபிளில் ஒன்று, ஸ்கேனரில் ஒன்று என்று வந்தால் ஏற்கெனவே யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தச் சேஸிஸ் நம்பர் கடைக்காரர் காட்டும் வண்டிப் பேப்பரோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அது திருட்டு வண்டியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

சரியான ஈசிஎம்மே வாங்கி மாட்டினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகி ஒரு நொடியில் நின்றுபோனால் பயப்பட வேண்டாம். ஸ்கேனரில் 17978 என்ற பிழை எண் காட்டும். இம்மொபிலைசர் வழிவிடவில்லை, அவ்வளவுதான். சாவி, மீட்டர் போர்டு, ஈசிஎம் மூன்றும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும். உங்கள் பழைய ஈசிஎம்மில் இருக்கும் 95040 என்ற எட்டுக்கால் ஐசியின் 512 பைட் தரவை நகலெடுத்துப் புதியதில் எழுதுவதுதான் சுத்தமான வழி. பழைய ஈசிஎம் செத்துப்போகும்வரை காத்திருந்தால் அந்தத் தரவும் போய்விடக்கூடும். ஆகவே வண்டி நன்றாக ஓடும்போதே நகல் எடுத்து வையுங்கள். மாட்டியபின் இக்னிஷன் போட்டு, என்ஜினை ஓடவிடாமல், ஸ்கேனரின் பேசிக் செட்டிங்ஸில் 060-வது குரூப்பைத் திறந்து திராட்டிலைப் பழக்க வேண்டும். வால்வு கிர்ரென்று சத்தமிட்டு அசைந்து அடங்கும். இதை விட்டுவிட்டு, ஐட்லிங் தடுமாறுகிறது என்று ரீமேப் செய்தவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பழைய உதிரிபாகம் விற்பவர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். பில்லில் "ஈசிஎம் – 1" என்று எழுதாதீர்கள். பாஷ் நம்பர், கம்பெனி நம்பர், எந்தச் சேஸிஸ் நம்பர் வண்டியிலிருந்து கழற்றியது ஆகிய மூன்றையும் எழுதி, மாட்டிப் பார்க்க ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்.

இப்படிக்கு,
கார் எலெக்ட்ரிக்கல் வேலை செய்வோர் சிலர்,
கோயம்புத்தூர்.