இரும்பு உருக்காலையின் இரவுப் புகையைத் தடுக்கக் கோரி நான்காம் முறையாக அளிக்கும் மனு

அனுப்புநர்:
ஏரிக்கரைத் தெரு மல்லிகை விவசாயிகள், 31 குடும்பத்தினர்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் பின்பக்கத்தில்)

பெறுநர்:
மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்கள்,
மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகம்.

பொருள்: உருக்காலையின் புகை வடிகட்டி இரவில் நிறுத்தப்படுவது – பூச்செடிகளில் கரித்தூள் படிவது – இரவு நேர ஆய்வும் நடவடிக்கையும் கோருதல் தொடர்பாக.

பார்வை: நவம்பர், ஜனவரி, மார்ச் மாதங்களில் நேரில் அளித்து ஒப்புகைச் சீட்டு பெற்ற எங்கள் மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எடைமேடையைத் தாண்டி ஏரிக்கரையில் இறங்கினால் இடது கைப்பக்கம் ஆலையின் மதில், வலது பக்கம் எங்கள் மல்லிகைத் தோட்டங்கள். தாங்கள் அந்தச் சாலையில் பலமுறை வந்து போனவர். ஆகையால் இடத்தை விளக்கித் தங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

1. அந்த ஆலையில் பழைய இரும்பையும், தாதுவிலிருந்து நேரே எடுத்த ஸ்பாஞ்ச் இரும்பையும் இண்டக்‌ஷன் என்னும் மின் உலையில் உருக்கி, பிறகு கம்பியாக இழுப்பதற்கான பில்லட் என்னும் இரும்புக் கட்டைகளாக வார்க்கிறார்கள். இரவு 10 மணிக்கு மேல் உயர் அழுத்த மின்சாரத்துக்குக் கட்டணச் சலுகை உண்டு என்பதால் உருக்கும் வேலையில் பெரும்பகுதி அதன் பிறகுதான் நடக்கிறது. துத்தநாகம் பூசிய தகடு விழுந்தால் வெள்ளைப் புகை, பெயின்ட்டும் எண்ணெயும் ஒட்டிய இரும்பு விழுந்தால் கரும்புகை. இரண்டும் சிம்னி வழியாகப் போவதில்லை. கொட்டகைக் கூரையின் இடைவெளிகளில் கசிந்து, இரவில் மேற்கிலிருந்து வீசும் காற்றோடு எங்கள் பக்கம் வருகின்றன.

2. புகையை உறிஞ்சும் விசிறியும் துணிப்பை வடிகட்டியும் ஆலையில் இல்லாமல் இல்லை. பகலில் அந்த விசிறியின் இரைச்சல் எங்கள் கிணற்றடி வரை கேட்கிறது. இரவு 11 மணிக்கு மேல் கேட்பதில்லை. விசிறி மோட்டாருக்கு ஆகும் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறார்கள் என்று அங்கே வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே சொல்கிறார்கள்.

3. எங்களை வாட்டுவது எது என்பதை இந்த முறையாவது விளக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மல்லிகையை மொட்டாக, விடியும் முன்பே பறித்தாக வேண்டும். அதிகாலை 3 மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் செடிக்குள் இறங்குகிறார்கள். 5 மணி வண்டியைப் பிடித்தால்தான் கோயம்பேட்டில் விலை. அந்த நேரத்தில் மொட்டுகளின் மேல் பனி இருக்கும். இப்போது பனியோடு கரித்தூளும் சேர்ந்து, மொட்டின் காம்படியில் மை போல ஒட்டிக்கொள்கிறது. விரலால் துடைத்தால் வெள்ளை முழுக்கப் பரவிவிடும். கழுவலாமே என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். ஐயா, மல்லிகை மொட்டைக் கழுவி மூட்டை கட்டினால் மண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் கன்றிப் பழுப்பேறிவிடும். பூவை அறிந்தவர் யாரும் அதைச் செய்யமாட்டார்கள்.

மண்டிக்காரர் மூட்டையைப் பிரித்து ஒரு பிடி எடுத்துத் தம் வெள்ளைத் துண்டில் போட்டுத் தேய்த்துப் பார்க்கிறார். துண்டு கறுத்தால் பேச்சே இல்லை. சென்ற வாரம் மற்ற ஊர்ப் பூ கிலோ 400 ரூபாய்க்குப் போன அன்று எங்களுக்கு 140 ரூபாய் கிடைத்தது. இரண்டு நாள் மூட்டையைத் திருப்பியே அனுப்பிவிட்டார்கள். ஆள்கூலியும் வண்டி வாடகையும் எங்கள் கையிலிருந்து கொடுத்தோம். மார்கழியில் கவாத்து வெட்டி, எருவிட்டு, கடன் வாங்கி மருந்தடித்து, பங்குனி தொடங்கி வரும் சில மாத மகசூலை நம்பித்தான் ஆண்டு முழுவதும் அடுப்பு எரிகிறது. அந்தச் சில மாதங்களும் இப்படிப் போனால் நாங்கள் எங்கே போவது?

4. இது சாலைப் புழுதி என்று ஆலைத் தரப்பில் சொல்கிறார்களாம். இலையில் படிந்த தூளைக் காகிதத்தில் தட்டி, அடியில் ஒரு காந்தத்தை வைத்து நகர்த்திப் பாருங்கள். தூள் முள் முள்ளாக எழுந்து காந்தத்தின் பின்னாலேயே ஓடுகிறது. எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன்தான் எங்களுக்கு இதைச் செய்து காட்டினான். சாலைப் புழுதி இப்படி ஓடுமா?

5. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் இண்டக்‌ஷன் உலைக்கு வைத்திருக்கும் வரம்பு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம் தூசு. புகையைப் பிடித்துச் சேர்த்த பிறகே சிம்னியில் விட வேண்டும் என்பதும் அதே விதி. கூரை வழியாகப் போகும் புகையை எந்தக் கருவி அளக்கும்? சிம்னியில் பகலில் எடுத்த அளவை வைத்து ‘வரம்புக்குள் உள்ளது’ என்று எழுதினால், அது எங்கள் செடியில் விழுவதைப் பற்றிய கணக்கு ஆகாது.

6. ஜனவரியில் ஆய்வுக்கு வந்தீர்கள். நன்றி. ஆனால் வந்தது பகல் 11 மணிக்கு. அன்று காலையே ஆலை வளாகம் முழுக்கத் தண்ணீர் தெளித்து, வாசலில் நின்ற லாரிகளையெல்லாம் அப்புறப்படுத்தியிருந்தார்கள். தாங்கள் வருவது எங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? மூன்று மனுக்களுக்கும் ஒரு வரி பதில் இல்லை. நேரில் கேட்டால் கோப்பு மேலே போயிருக்கிறது என்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து தங்கள் வராந்தாவில் மாலை வரை உட்கார்ந்திருந்தார்கள், ஐயா. இன்னும் எத்தனை முறை வர வேண்டும்?

7. ஆலையை மூடச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் 12 பேருக்கு அங்கேதான் சம்பளம். வடிகட்டியை ஓட்டச் சொல்கிறோம், அவ்வளவுதான். விசிறிக்குத் தனி மின்மீட்டர் வைத்து அதன் அளவை மாதாமாதம் பாருங்கள். விசிறி நின்றால் உலையும் நிற்கும்படி இரண்டையும் இணைக்க உத்தரவிடுங்கள். உலை வாய்க்கு மேல் உறிஞ்சு மூடி பொருத்தச் சொல்லுங்கள். 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு உள்ளே சென்று ஆய்வு செய்யும் அதிகாரத்தைத் தந்திருக்கிறது. கேட்காவிட்டால் மின்சாரத்தைத் துண்டிக்க உத்தரவிடவும் 31ஏ பிரிவு வாரியத்துக்கு வழி வைத்திருக்கிறது. சட்டத்தில் இவ்வளவு இருக்கும்போது நாங்கள் ஏன் காந்தத்தை வைத்து நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும்?

எனவே ஐயா, தாங்கள் தயவுகூர்ந்து, முன்னறிவிப்பு இல்லாமல், நள்ளிரவு 12 மணிக்கும் 4 மணிக்கும் இடையே ஒரு முறை நேரில் வருமாறு மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு எங்கள் செடிக்குள் பத்து நிமிடம் நில்லுங்கள். சட்டையில் படிவதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மகசூல் முடிவதற்குள் வாருங்கள். இரவில் வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏரிக்கரைத் தெரு மல்லிகை விவசாயிகள்

இணைப்பு:
மூன்று ஒப்புகைச் சீட்டுகளின் நகல்.
மண்டிச் சீட்டுகள், 9.
இலையிலிருந்து தட்டிய தூள், ஒரு பொட்டலம்.
இன்று அதிகாலை பறித்த மொட்டு, ஒரு கைப்பிடி. துடைக்காதது.