முதலில் விலாசம், பிறகு ரத்தப் பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தைகள் நலம் பற்றிய செய்திகளில் 'நீண்டகால ஆய்வு' என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. ஒருநாள் முகாம் போட்டு ஐந்நூறு குழந்தைகளை எடை போட்டால் அது கணக்கெடுப்பு. கோஹார்ட் ஆய்வு என்பது, கர்ப்பிணியின் பெயரைப் பதிந்த நாள் தொடங்கி அதே குழந்தையை, அதே குடும்பத்தைப் பத்து இருபது ஆண்டுகள் விடாமல் பின்தொடர்வது. சேலத்திலோ ஏற்காட்டிலோ அப்படி ஒன்று வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் ரத்த மாதிரி, குளிர்பெட்டி என்றுதான் பட்டியல் போடுகிறார்கள். இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் படுத்துவிடுவது விலாசத்தில்தான்.

கணக்கு எளிது. 1000 குழந்தைகளில் தொடங்கி, ஆண்டுக்கு நூற்றுக்கு 5 பேர் கைநழுவினால் 18-ஆம் ஆண்டில் மிஞ்சுவது 400-க்கும் குறைவு. அதையே நூற்றுக்கு 2 என்று நிறுத்தினால் 695 பேர் இருப்பார்கள். நழுவுகிறவர்கள் யார் என்பது இதைவிட முக்கியம். எஸ்டேட் விட்டு எஸ்டேட் போகிறவர்கள், தறிக்கூடம் மாறுகிறவர்கள், வாடகை வீட்டுக்காரர்கள். சொந்த வீட்டில் இருப்பவர்களின் பிள்ளைகள் மட்டும் கடைசிவரை பட்டியலில் நிற்பார்கள். அப்புறம் 'நம் பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள்' என்று முடிவு வராமல் வேறென்ன வரும்?

நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73-இல் பிறந்த 1037 பேரைத் தொடர்கிறார்கள். 45 வயதில் உயிரோடிருந்த 997 பேரில் 938 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். வெளிநாட்டில் குடியேறியவர்களுக்கும் பயணச் செலவு கொடுத்து வரவழைத்ததுதான் அங்கே நடந்த மந்திரம். அமெரிக்காவில் ஒரு லட்சம் குழந்தைகளை 21 வயதுவரை தொடரும் திட்டத்துக்கு 2000-இல் சட்டமே வந்தது; நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்து, 2014 டிசம்பரில் இழுத்து மூடினார்கள். நமக்குப் பக்கத்தில், வேலூரில் 1969-73-இல் பிறந்தவர்களையும் டெல்லியில் அதே காலத்தில் பிறந்தவர்களையும் பெரியவர்களான பின்னும் தேடிப்பிடித்ததால்தான், சிறுவயதில் மெலிந்திருந்து பின்னால் வேகமாக எடை கூடுகிறவர்களுக்குச் சர்க்கரை நோய் வாய்ப்பு அதிகம் என்பது இந்தியக் குழந்தைகளை வைத்தே தெரிந்தது.

நம் ஊருக்கு என்று சில சிக்கல்கள் உண்டு. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீடு போய்விடுவாள். பிரசவம் வேறு ஊரில், பிறப்பு எடை வேறு ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில். ஆகவே மூன்றாம் மாதப் பதிவிலேயே இரண்டு விலாசமும், மூன்று தொலைபேசி எண்களும் வாங்க வேண்டும்: கணவருடையது, தாய்வீட்டுடையது, இடம் மாறாத ஒருவருடையது. மளிகைக் கடைக்காரர் எண் உறவினர் எண்ணைவிட நீடிக்கும். பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிகள் பதிவில் கர்ப்பிணிக்குக் கிடைக்கும் 12 இலக்க எண்ணோடு, பிறப்புச் சான்றிதழ் எண்ணையும் பிற்பாடு பள்ளி மாணவருக்குத் தரும் எமிஸ் எண்ணையும் ஒரே தாளில் எழுதிவைத்தால் பாதி வேலை முடிந்தது. குழந்தைக்குப் பெயர் வைக்கும்வரை பதிவேட்டில் 'பாப்பா' என்றுதான் இருக்கும். அந்தத் தாள் இல்லாவிட்டால் எந்தப் பாப்பா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

சேர்க்கை பன்னிரண்டு மாதமும் நடக்க வேண்டும். சித்திரையில் பிள்ளை பிறக்கக்கூடாது என்று ஆடியில் புதுப்பெண்ணை அழைத்துப் போகும் வழக்கம் இன்னும் போகவில்லை. மலையில் காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் கர்ப்பிணியின் உழைப்பும் சாப்பாடும் வேறு. இரண்டு மாதம் மட்டும் சேர்த்தால் அந்த இரண்டு மாதத்தின் கதைதான் கிடைக்கும்.

அளப்பதில் நடக்கும் பிழைகள் சின்னவை, ஆனால் பிடிவாதமானவை. பிறப்பு எடை 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைவு. 2.46-ஐ 2.5 என்று எழுதும் கை, ஒரு குழந்தையை அந்தப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுகிறது. வெள்ளிக்குப் பேர்போன ஊர் என்பதால் கொலுசு, தண்டை, அரைஞாண் எல்லாம் கழற்றித்தான் எடை பார்க்க வேண்டும். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களில் தரை சமமாக இருக்காது. எடைமேடையின் கீழே பலகை வேண்டும். இரண்டு வயதுக்குள் படுக்கவைத்து நீளம், அதற்குமேல் நிற்கவைத்து உயரம், இரண்டுக்கும் 0.7 செ.மீ. வித்தியாசம் உண்டு, மாற்றி அளந்தால் வளர்ச்சிக்கோட்டில் பொய்யான பள்ளம் விழும். இருவர் தனித்தனியாக அளந்து, உயரத்தில் 7 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் மறுபடி அளக்க வேண்டும்.

ஏற்காட்டுக்கு இன்னொன்று. உயரமான இடத்தில் ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். சுமார் 1500 மீட்டரில் ஏறக்குறைய ஒரு கிராமைக் கழித்துத்தான் ரத்தசோகையைக் கணிக்க வேண்டும். அங்கே மூன்று வயதுக் குழந்தைக்கு 11.5 வந்தால் உண்மையில் அது 11-க்குக் கீழே, அதாவது ரத்தசோகை. கழிக்காமல் சேலத்தோடு ஒப்பிட்டால் மலைக்குழந்தைகள் தேவலை என்று தோன்றும்.

கேள்வித்தாளைப் பற்றி ஒன்று மட்டும். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது, குழந்தைக்குச் சேனை (பிறந்ததும் நாக்கில் வைக்கும் சர்க்கரைத் தண்ணீர்) வைத்தார்களா என்று கேட்டுப் பயனில்லை.

ரத்தம் எடுத்தால் சிறு குழாய்களில் பிரித்து வைக்க வேண்டும். உறைந்ததை உருக்கி மறுபடி உறையவைத்தால் கெடும். பரிசோதனை முடிவு அதே வாரம் குடும்பத்தின் கைக்குப் போக வேண்டும். வாங்கிக்கொண்டு எதுவும் சொல்லாமல் போகிறவர்களுக்கு அடுத்த முறை கதவு திறக்காது. ஏழு வயதிலிருந்து பிள்ளையின் வாய்மொழி ஒப்புதலும், பன்னிரண்டிலிருந்து எழுத்து ஒப்புதலும் தேவை. 18 ஆனதும் பெற்றோர் போட்ட கையெழுத்து செல்லாது, புதிதாகக் கேட்க வேண்டும்.

கடைசியாக, பதினொரு மாத ஒப்பந்தத்தில் களப்பணியாளரை வைக்காதீர்கள். எந்தக் குடும்பம் எந்த லயனுக்குப் போனது என்பது அவர் தலையில்தான் இருக்கிறது. அவர் போனால் பட்டியலில் பாதி அவரோடு போய்விடும்.

ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.