ஊட்டியிலிருந்து கோழிக்கோடு: கிலோமீட்டரை மட்டும் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினால் சுற்றுலாப் பக்கங்களில் ‘காலையில் ஊட்டி, மாலையில் கோழிக்கோடு கடற்கரை’ என்ற யோசனை தவறாமல் வருகிறது. நல்ல யோசனைதான். ஆனால் தூரம் சுமார் 165 கிலோமீட்டர் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். வழியில் இரண்டு மலை இறக்கம் இருப்பதைச் சொல்வதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகக் கிளம்புகிறவர்கள், கூடலூரைத் தாண்டிக் கேரளத்துக்குள் இறங்கும் நாடுகாணி இறக்கத்தில் இருட்டில் சிக்குகிறார்கள். அது யானைகள் சாலையைக் கடக்கும் காட்டுப் பாதை.

ஊட்டியை விட்டுக் காலை ஆறு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் சூட்டிங்மட்டம், பைக்காரா பகுதிகளில் வண்டிகளைச் சாலையோரமே நிறுத்திவிடுவார்கள். கூடலூர் வரையிலான 50 கிலோமீட்டருக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குக் கூடலூரில் காலை உணவு, ஒன்பதரைக்கு வழிக்கடவு, பத்தரைக்கு நிலம்பூர். அங்கே தேக்கு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, எடவண்ணா, அரீக்கோடு, மாவூர் என்று சாலியாற்றை ஒட்டியே போனால் மதியம் இரண்டு மணிக்குக் கோழிக்கோடு. வெள்ளிக்கிழமை என்றால் பகல் பன்னிரண்டரை முதல் இரண்டு வரை தொழுகைக்காகப் பல கடைகள் மூடியிருக்கும். சாப்பாட்டை அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

இறக்கத்தில் வண்டி ஓட்டுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; கோழிக்கோடு கடலோரம். அத்தனை உயரத்தையும் பிரேக்கை மிதித்தே இறங்கினால் நடுவட்டம் தாண்டியதும் கருகல் வாடை வரும். சூடேறிய பிரேக் லைனிங் பிடிப்பை இழந்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது கியர்தான். ஆட்டோமேட்டிக் வண்டியை ‘டி’யில் விட்டுவிடாமல் ‘எல்’லுக்கோ மேனுவலுக்கோ மாற்ற வேண்டும். பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் இறக்கவே கூடாது. வாடை வந்துவிட்டால் இடம் பார்த்து ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கிலோ டிரம்மிலோ தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். குறுகலான இடத்தில் எதிரே வண்டி ஏறி வந்தால் இறங்குகிறவர்தான் நின்று வழிவிட வேண்டும்.

சிலர் பந்தலூர், சேரம்பாடி வழியாக வயநாடு போய், லக்கிடியிலிருந்து தாமரச்சேரி சுரம் என்ற மலைப்பாதையில் இறங்கலாம் என்று நினைக்கிறார்கள். காட்சிக்கு அந்த வழி உயர்வானது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே உள்ள ஒன்பது கொண்டை ஊசி வளைவுகளில் 6, 7, 8 மிகவும் குறுகலானவை. ஒரு கனரக லாரி பழுதாகி நின்றால் மணிக்கணக்கில் நகர முடியாது. கேரளத்திலும் ஏப்ரல், மே பள்ளி விடுமுறைதான் என்பதால் சனி, ஞாயிறில் அந்த வழியைத் தவிர்க்கலாம்.

திரும்பும் வழியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வெளிமாவட்ட வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். கோழிக்கோட்டிலிருந்து மறுபடியும் நாடுகாணி வழியாக ஏறி வருவது இன்னொரு நுழைவு. அந்த நாளுக்கு இடம் இல்லையென்றால் சோதனைச் சாவடியிலேயே பயணம் நின்றுவிடும். அதனால் வட்டமாகச் சுற்றி வருவதே சரி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறுங்கள், நாடுகாணியில் இறங்குங்கள், ஊருக்குத் திரும்பும்போது மலப்புறம், பெரிந்தல்மண்ணா, பாலக்காடு வழியாகக் கோவை போய்விடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் என்பதால் அந்தப் பக்கம் மலை ஏற்றமே கிடையாது. சீசனில் குன்னூர் சாலையை ஏறுவதற்கும் கோத்தகிரி சாலையை இறங்குவதற்கும் ஒதுக்கும்போதும் இந்தத் திட்டத்துக்குப் பாதகமில்லை.

மே மூன்றாம் வாரத்துக்குள் பயணத்தை முடித்துவிடுவது நல்லது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1 என்றாலும், 2025இல் மே 24ஆம் தேதியே வந்துவிட்டது. கூடலூர், தேவாலா பக்கம் பெய்யும் மழை பாண்டியாறு, புன்னம்புழா வழியாக இறங்கிச் சாலியாற்றில்தான் சேர்கிறது. நிலம்பூரில் வெயில் அடித்தாலும், மேலே கனமழை என்றால் ஆற்றில் கால் நனைக்க இறங்கக் கூடாது.

கடலுக்கும் அதே கவனம் தேவை. ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இல்லாமல் திடீரென அலை உயரும்; கள்ளக்கடல் என்பார்கள். தொலைவில், தென் இந்தியப் பெருங்கடலில் எழும் அலைகள் இங்கே வந்து சேர்வதுதான் காரணம். வானம் தெளிவாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்ததும் இத்தகைய எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. கோழிக்கோட்டில் கடலுக்குள் நீண்டிருந்த பழைய இரும்புப் பாலத்தின் மிச்சங்கள் நிற்கும் பகுதியில் எந்த நாளிலும் குளிக்க வேண்டாம்.

ஊட்டிக் குளிரிலிருந்து ஒரே நாளில் 33 டிகிரிப் புழுக்கத்துக்கு வரும் குழந்தைகள் சோர்ந்துவிடுவார்கள். வந்த அன்று ஐந்து மணிவரை அறையில் ஓய்வெடுக்கட்டும். சூரியன் மறைய ஆறே முக்கால் ஆகிவிடும், அவசரமே இல்லை. பேப்பூரில் உரு எனப்படும் மரக்கப்பல் கட்டும் இடத்தையும் வடக்கே காப்பாட்டுக் கடற்கரையையும் மறுநாள் காலை பத்துக்குள் பார்த்துவிட்டு, மிட்டாய்த் தெருக் கடைவீதியை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு இரவாவது தங்கினால்தான் இதெல்லாம் முடியும்.

உங்கள் நாளிதழில் இனி இந்த வழியைப் பற்றி எழுதும்போது, கிலோமீட்டருடன் கிளம்ப வேண்டிய நேரத்தையும் போடுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை குன்னூர், கூடலூர், நாடுகாணி, தாமரச்சேரி மலைப்பாதைகளின் அன்றைய நிலையையும் இன்காய்ஸ் எச்சரிக்கையையும் வானிலைக் கட்டத்திலேயே நாள்தோறும் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கூடலூர் வாசகர்கள்,
நீலகிரி மாவட்டம்