சிவப்பு மையால் அடித்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

கணினி உயிரியலிலும் புள்ளியியல் உயிர் இயற்பியலிலும் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) இடம் தேடும் சேலம் வட்டார ஆய்வு மாணவர்களின் விண்ணப்பங்களை வாசித்துத் திருத்திக் கொடுத்தவர்களுக்கு இந்த மடல். பெயர் வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டதால், செய்த உதவியை வைத்தே குறிப்பிடுகிறோம். எது யாருடையது என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி, எரர் பாரை, அதாவது அளவீடு எவ்வளவு பிசகலாம் என்று வரைபடத்தில் காட்டும் கோட்டை, சுற்றி வட்டம் போட்டவருக்கு. மூலக்கூறின் அசைவைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் 500 நானோசெகண்ட் சிமுலேஷன். 10 பிக்கோசெகண்டுக்கு ஒரு ஃபிரேம், ஆக 50,000 ஃபிரேம். திட்ட விலக்கத்தை 50,000-இன் வர்க்கமூலத்தால் வகுத்து, கண்ணுக்கே தெரியாத எரர் பார் போட்டிருந்தது. அடுத்தடுத்த ஃபிரேம்கள் கிட்டத்தட்ட ஒரே படம்தான். தன்னொட்டுறவு நேரம் (பழைய நிலையின் சாயல் மறையப் பிடிக்கும் நேரம்) 10 நானோசெகண்ட் என்றால், 500-ஐ அதன் இரு மடங்கான 20-ஆல் வகுக்க, தேறுவது 25 தனி அளவீடுகள் மட்டுமே. எரர் பார் ஏறக்குறைய 45 மடங்கு விரிகிறது. எட்ட நின்ற இரண்டு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்கின்றன. தொடரைத் துண்டுகளாக வெட்டி, துண்டின் நீளத்தைக் கூட்டக் கூட்ட எரர் எங்கே ஏறி நிற்கிறது என்று பார்க்கச் சொன்னீர்கள். எங்குமே நிற்கவில்லையென்றால் ஓட்டியது போதாது. வேறு வேறு தொடக்க நிலைகளிலிருந்து நாலைந்து தடவை ஓட்டு என்றீர்கள். நேர்காணலில் தோண்டக்கூடிய இடம் இது. அங்கே போய்த் திருதிருவென்று விழிப்பதைவிட இங்கேயே அடி வாங்கியது நல்லது.

அதே கையோடு, 300 கெல்வினில் வெப்ப ஆற்றலே மோலுக்கு 2.5 கிலோஜூல் என்று ஓரத்தில் குறித்து, "1 கிலோஜூல் வித்தியாசத்தைக் கணித்துச் சொல்வோம்" என்ற வாக்கியத்தை அடித்ததற்கும் நன்றி. அணுக்களுக்கு இடையிலான விசையைக் கணக்கிடும் ஃபோர்ஸ் ஃபீல்டின் பிழையே அந்த 1 கிலோஜூலைவிடப் பெரிது.

இயந்திரக் கற்றல் பகுதியைப் பார்த்தவர் கேட்டது ஒரே கேள்வி: பயிற்சித் தரவையும் சோதனைத் தரவையும் எப்படிப் பிரித்தாய்? குலுக்கிப் போட்டுப் பிரித்தால் ஒரே குடும்பத்துப் புரதங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிடும். மாடல் கற்றுக்கொண்டதா, மனப்பாடம் செய்ததா என்று பிரித்தறிய முடியாது. அமினோ அமில வரிசை ஒற்றுமையை வைத்து முதலில் கொத்துகளாக்கி, கொத்து கொத்தாகப் பிரித்ததும் மதிப்பெண் இறங்கத்தான் செய்தது. இறங்கிய எண்ணை அப்படியே எழுதச் சொன்னீர்கள்.

முன்னுரையிலிருந்த வரலாற்றைக் கத்தரித்தவருடன் மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தைப் பற்றிய பத்தி அது. ஆனாலும் நீங்கள் சொன்னது சரி: ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி ஃபெலோஷிப் விண்ணப்பத்தின் முக்கியப் பகுதிக்கு 10 பக்கம்தான், வாசிப்பவருக்குத் தெரிந்ததைச் சொல்ல அதில் அரைப் பக்கம் கொடுக்க முடியாது.

விதிகளைச் சலித்துக் கொடுத்தவர் இல்லையென்றால் பாதி உழைப்பு வீணாகியிருக்கும். இயற்பியல், கணிதம், கணினியில் பிஎச்டி முடித்து உயிரியலுக்கு வருபவர்களுக்கென்றே உயிரியல் ஆய்வுக்குப் பணம் தரும் சர்வதேச அமைப்பான ஹியூமன் ஃபிரான்டியர் திட்டத்தில் கிராஸ் டிசிப்ளினரி என்று மூன்றாண்டு ஃபெலோஷிப் தனியாக உண்டு. நம் பக்கத்தில் பலருக்கு இது தெரிவதில்லை. மேரி கியூரியில், போகப்போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. கடைசி நேரம் பிரஸ்ஸல்ஸில் மாலை 5 என்றால் செப்டம்பரில் நமக்கு இரவு 8.30. வீட்டை விட்டு ரொம்ப தூரம் போக முடியாதவர்களுக்குத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனமும், பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்சிபிஎஸ்), சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையம் (ஐசிடிஎஸ்) இரண்டும் இருப்பதைப் பட்டியலின் மேலேயே போட்டதற்கும் நன்றி.

இனிஷியல் பிரச்சினையைத் தீர்த்தவருக்குத் தனிக் கும்பிடு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, பட்டத்தில் இனிஷியல், கட்டுரையில் அப்பா பெயர் கடைசியில். மூன்றும் மூன்று ஆளாகத் தெரியும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாகத் தரப்படும் ஆர்கிட் (ORCID) எண் எடுத்து எல்லா வடிவங்களையும் அதில் ஏற்றி, இனிமேல் எழுதுவதற்கு ஒரே வடிவம் என்று முடிவு செய்தால் போதும்.

பேராசிரியர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலை அரைப் பக்கமாகச் சுருக்கியவர்களுக்கும் நன்றி. அந்தக் குழுவின் எந்தக் கட்டுரை, அதில் எந்தக் கேள்வி மிச்சம், என் கையில் என்ன இருக்கிறது, எப்போது வர முடியும்: நாலு வரி. "ரெஸ்பெக்டட் சார்" என்று ஒரே கடிதத்தை எண்பது பேருக்கு அனுப்பினால் எண்பதும் குப்பைக்குத்தான் போகும். கூடவே வைக்கும் கணினி நிரல், புதுக் கணினியில் ஒரே கட்டளையில் ஓட வேண்டும் என்று நீங்களே இறக்கி ஓட்டிப் பார்த்தீர்கள். லைப்ரரிகளின் பதிப்பு எண் எழுதாததால் மூன்றில் இரண்டு ஓடவில்லை.

ஏற்காட்டில் வாசிப்புக்கு இரண்டு நாள் வீட்டைத் திறந்துவிட்டு, கரண்ட் போனபோதெல்லாம் ஜெனரேட்டர் போட்டவருக்கும், இரவு கடையடைக்கும் நேரத்திலும் முகம் சுளிக்காமல் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த அஞ்சு ரோடு ஜெராக்ஸ் கடைக்காரருக்கும், தட்டுவடை செட் கட்டிக் கொண்டுவந்தவருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

பரிந்துரைக் கடிதம் தர ஒப்புக்கொண்ட ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கடிதத்தை ஏற்றுவதற்கான இணைப்பு வரும் மின்னஞ்சல் ஸ்பாமில் விழுகிறது. தயவுசெய்து அங்கேயும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நன்றியுடன்,
விண்ணப்பம் வாசிக்கும் குழுவினர்,
சேலம்.