சக போட்டியாளர்களே மார்க் போடும் ஒளிப்படப் போட்டிகள்: நடத்துவோருக்கும் வாக்களிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

தலைப்பு கொடுத்துப் படம் கேட்கும் அமெச்சூர் ஒளிப்படப் போட்டிகளை நடத்துகிறவர்களுக்கும், அவற்றுக்குப் படம் அனுப்பிவிட்டு மற்றவர் படங்களுக்கு மார்க் போடும் நண்பர்களுக்கும் வணக்கம்.

போட்டியாளர்களே வாக்களிக்கும் முறை தொடர வேண்டும் என்பதுதான் என் கட்சி. நடுவர் ஒருவரை அழைத்து எல்லாவற்றையும் அவர் கையில் ஒப்படைப்பது சுலபம். ஆனால் அதே தலைப்புக்காக அலைந்து, எடுத்ததில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டு ஒன்றே ஒன்றை அனுப்பியவருக்குத் தெரிகிற சங்கதிகள் வெளியாளுக்குத் தெரியாது. எதிர்வெளிச்சத்தில் முகத்தையும் காப்பாற்றி, வானத்தையும் வெளிறிப்போகாமல் பிடித்திருக்கிறாரே என்று ஒரு நிமிடம் நின்று பார்க்கிறவர் பெரும்பாலும் இன்னொரு போட்டியாளர்தான். நாம் கற்றுக்கொள்வதும் அங்கேதான். இந்த முறை நல்ல முறை என்பதால்தான் அதிலுள்ள ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

சிக்கலின் வேர், வாக்களிப்பவரே பந்தயத்திலும் இருக்கிறார் என்பது. அதனால்தான் தன் படத்துக்குத் தானே வாக்களிக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறீர்கள். அதோடு நியாயம் கிடைத்துவிட்டது என்று நாமும் இருந்துவிடுகிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 பேர் படம் அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மற்ற 29 படங்களுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுகிறார்கள். சராசரி அதிகமுள்ள படம் ஜெயிக்கும். அவர்களில் ஒருவர் கறாரான ஆள். யார் மீதும் வன்மம் கிடையாது. அடுத்தவர் 7 போடுகிற படத்துக்கு அவர் 4 போடுவார், எல்லோருக்கும் ஒரே மாதிரி. மற்ற 29 படங்களின் சராசரியும் இதனால் 0.1 அளவுக்கு இறங்குகிறது. இறங்காமல் தப்புவது அவருடைய படம் ஒன்றுதான். முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் பல நேரங்களில் அந்த 0.1-க்குள்தான் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். தாராளமாக மார்க் போடுகிறவர் கதை இதற்கு நேரெதிர்: எல்லோரையும் ஒரு படி ஏற்றிவிட்டுத் தன் படத்தை மட்டும் கீழேயே விட்டுவிடுகிறார். யாரும் தப்பு செய்யவில்லை, ஆனாலும் பெருந்தன்மைக்கு அபராதம் விழுகிறது. கூட்டி வகுக்கிற முறையிலேயே அது இருக்கிறது.

இதைச் சரிசெய்யப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். ஒருவர் மற்ற 29 படங்களுக்கும் போட்ட மார்க்கின் சராசரி எவ்வளவோ, அதையே அவர் தன் படத்துக்கும் போட்டதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது எல்லாப் படங்களுக்கும் 30 மார்க் இருக்கும். கறார் ஆளின் கறார் அவர் படத்தையும் தொடும். தாராள மனசுக்காரரின் தாராளத்தில் அவர் படத்துக்கும் பங்கு கிடைக்கும். எக்செல் தாளில் இதற்கு ஆகும் வேலை ஒரே ஒரு சூத்திரம்.

வேண்டுமென்றே செய்கிற வேலை வேறு வகை. தன் படத்தை முந்தக்கூடியது என்று தோன்றுகிற படத்துக்கு 1 போடுவது, அல்லது முதல் மூன்றுக்கு 3-2-1 புள்ளி தரும் போட்டியில் எப்படியும் ஜெயிக்காத படங்களாகப் பார்த்துப் புள்ளியைக் கொட்டுவது. இது இன்று நேற்று வந்த சிக்கலில்லை. பிடித்த வரிசைப்படி புள்ளி கொடுத்துக் கூட்டும் முறையை 1770-இல் ழான்-ஷார்ல் த போர்டா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாரிஸ் அறிவியல் அகாதமியில் முன்வைத்தார். நம் 3-2-1 அதன் சுருக்கம்தான். பலமான எதிராளியை வேண்டுமென்றே கடைசியில் தள்ளலாமே என்ற ஆட்சேபத்துக்கு, தன் முறை நேர்மையானவர்களுக்காக மட்டுமே என்று அவர் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். 250 ஆண்டுகள் கழித்தும் நாம் அதே பதிலில்தான் நிற்கிறோம்: 'அனைவரும் நேர்மையாக வாக்களிக்கவும்' என்று விதிமுறையின் கடைசியில் ஒரு வரி. அந்த வரி நேர்மையானவரைத்தான் கட்டிப்போடும். நேர்மையாக நடக்கிறவருக்கு அதனால் நஷ்டம் வராதபடி விதியை எழுதுவது உங்கள் பொறுப்பு.

ஒலிம்பிக் டைவிங்கில் 7 நடுவர்கள் மார்க் போடும்போது உயர்ந்த இரண்டையும் தாழ்ந்த இரண்டையும் நீக்கிவிட்டு நடுவிலுள்ள மூன்றைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நாமும் ஒவ்வொரு படத்துக்கும் வந்த 30 மார்க்கில் மேலே மூன்று, கீழே மூன்று என்று கழித்துவிட்டுச் சராசரி பார்க்கலாம். ஒருவர் காழ்ப்பில் போட்ட 1-ம், நண்பருக்காகப் போட்ட 10-ம் ஏறக்குறைய செல்லாமல் போகும். இதில் ஒரு இழப்பு இருப்பதையும் மறைக்கக் கூடாது. நாலைந்து பேர் உயிரையே கொடுத்து ரசித்து, மற்றவர்கள் முகம் சுளித்த படங்கள் உண்டு. பல மாதங்கள் கழித்தும் நினைவில் நிற்பவை அவைதான். இந்தக் கழித்தலில் அவற்றின் 10-களில் பெரும்பாலானவையும் போய்விடும். அதற்காக, மார்க்குகள் மிகவும் சிதறிக் கிடந்த படம் எது என்பதைப் பரிசுப் படங்களோடு சேர்த்துத் தனியாக அறிவியுங்கள். அந்தப் படத்தை எடுத்தவருக்கு மூன்றாம் பரிசைவிட அது பெரிதாகத் தோன்றலாம்.

கூட்டுச் சேர்ந்து போடுவதைக் கழித்தலால் மட்டும் பிடிக்க முடியாது. பல நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ஒரு நாடு தனக்கே புள்ளி போட முடியாது. ஆனாலும் 2022-இல் இரண்டாம் அரையிறுதியில் ஆறு நாட்டு நடுவர் குழுக்கள் ஒன்றுக்கொன்று சாதகமாகப் புள்ளி போட்டிருந்த போக்கு கண்டுபிடிக்கப்பட்டு, அந்தப் புள்ளிகள் நீக்கப்பட்டன. நடத்துகிறவர்கள் தாள்களை உட்கார்ந்து பார்த்ததால்தான் அது வெளியே வந்தது. யார் யாருக்கு எவ்வளவு என்ற அட்டவணையை முடிவு அறிவிக்கும் முன் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். எனக்கு நீ, உனக்கு நான் என்பது தொடர்ந்து நடந்தால் அட்டவணையில் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது, பாதியில் விட்டுவிடுகிறவர்கள். 80 படம் வந்தால் முதல் இருபதுக்கு மார்க் போட்டுவிட்டுப் பலர் போய்விடுகிறார்கள். அந்த இருபதில் கறார் ஆள் கண்ணில் பட்ட படத்துக்கு ஒரு நியாயம், படாத படத்துக்கு வேறு நியாயம். வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பதே முடிவை அசைக்கும். பெல்ஜியத்தின் ராணி எலிசபெத் இசைப் போட்டியின் முடிவுகளை அலசிய பொருளாதார அறிஞர்கள், எந்த நாளில் எத்தனையாவதாக வாசித்தார் என்பதற்கும் கிடைத்த இடத்துக்கும் தொடர்பிருந்ததை 1996-இல் காட்டினார்கள். வாசிக்கும் வரிசை அங்கே குலுக்கலில் முடிவாவது; தேர்ந்த நடுவர்களுக்கே அந்த நிலை. நாம் செய்யக்கூடியது, வாக்களிக்கும் ஒவ்வொருவருக்கும் படங்களை வேறு வேறு வரிசையில் கலைத்துப் போட்டுக் காட்டுவது.

பாதியில் விடுவதற்கு மருந்து வானியலாளர்களிடம் இருக்கிறது. சிலியிலுள்ள ஆல்மா தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கிறவர்கள் ஏராளம். 2021 முதல் அந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றை விண்ணப்பித்தவர்களே மதிப்பிடுகிறார்கள். ஒரு விண்ணப்பம் கொடுத்தால் மற்றவர்களுடையதில் பத்தைப் படித்துத் தர வரிசைப்படுத்தித் தர வேண்டும். தவணைக்குள் தராவிட்டால் தன் விண்ணப்பம் தள்ளுபடி. நம் நிலைமையும் அதுதானே? 80 படம் வந்தால் ஒவ்வொருவருக்கும் குலுக்கலில் 20 படம் ஒதுக்குங்கள், அதில் தன் படம் இல்லாதபடி. அந்த 20-க்கு மார்க் போடாதவர் படம் முடிவில் சேராது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 20 படத்தை ஒருவர் மனசு வைத்துப் பார்ப்பார். 80 என்றால் கை தானாக நகரும். ஆளுக்கு ஆள் பார்க்கிற படங்கள் மாறுவதால், மார்க்குக்குப் பதில் அந்த 20-ஐ வரிசைப்படுத்தச் சொல்வது இன்னும் நல்லது. கறாரும் தாராளமும் அப்போது தாமே காணாமல் போய்விடும். சொந்தச் சராசரியைச் சேர்க்கிற கணக்கும் தேவைப்படாது.

தொலைநோக்கி நேரத்துக்கு விண்ணப்பித்தவர்களே மதிப்பிடும் இப்படியொரு முறையை 2009-இல் முன்மொழிந்த ஆய்வாளர்கள், பொதுவான முடிவோடு ஒத்துப்போகிறவர்களுக்குக் கொஞ்சம் சலுகை தரலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அதை மட்டும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊரோடு ஒத்த ரசனைக்குப் பரிசு என்றால், தனக்குப் பிடித்ததைச் சொல்லத் தயங்கும் கூட்டமாக ஆகிவிடுவோம்.

வாக்கெடுப்பு நடக்கும்போதே எந்தப் படத்துக்கு எத்தனை மார்க் என்று காட்டுவதை உடனே நிறுத்த வேண்டும். 2013-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரு செய்தித் தளத்தில் வாசகர் கருத்துகள் சிலவற்றைக் குலுக்கலில் தேர்ந்து, ஆரம்பத்திலேயே ஒரே ஒரு ஆதரவு வாக்கைப் போட்டு வைத்தார்கள். அந்தக் கருத்துகளின் இறுதி மதிப்பீடு சராசரியாக 25 சதவீதம் கூடிவிட்டது. ஒரே ஒரு வாக்குக்கு அந்தப் பலம்! முதல் மணி நேரத்தில் நண்பர் வட்டம் ஏற்றிவிட்ட படம் கடைசிவரை மேலேயே நிற்பதில் ஆச்சரியமில்லை.

எடுத்தவர் பெயரும் அப்படித்தான். பெயரை மறைத்துவிட்டு, படத்துக்குள் பொதிந்திருக்கும் எக்ஸிஃப் தகவலை நீக்காமல் விட்டால் கேமரா, லென்ஸ், சில சமயம் பெயரே தெரிந்துவிடும். அதையும் மூலையிலுள்ள வாட்டர்மார்க்கையும் நீக்குங்கள். முடிவு வரும்வரை படத்தை வேறெங்கும் பகிரக் கூடாது என்று விதி வையுங்கள்.

இனி தலைப்பு. எனக்கு மிகவும் ஆற்றாமை தருவது இதுதான். 'காத்திருப்பு' என்று தலைப்பு வைத்திருந்த ஒரு போட்டியில் இரண்டு படங்கள் பார்த்தேன். ஒன்று மீன்கொத்தி. இறகு இறகாக எண்ணலாம், அப்படியொரு ஃபோகஸ். பின்னணி பச்சையாகக் கரைந்திருந்தது, அலகிலிருந்து ஒரு சொட்டு நீர் பாதி வழியில் நின்றது. அலகில் மீனும் இருந்தது. காத்திருப்பு முடிந்துபோன படம் அது! இன்னொன்று சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட நடைக்கூடம், கோடியில் மூடிய கதவு, கதவுக்கடியில் கோடு போல வெளிச்சம். இடது ஓரத்தில் ஒரு காலணியின் முனை மட்டும், கதவைப் பார்த்துத் திரும்பியபடி. வாக்களிக்கும் பக்கத்தில் கட்டை விரல் நகம் அளவு சிறு படத்தில் அந்தக் காலணி தெரியவே தெரியாது. வெறும் சுவர் போலத்தான் இருந்தது. திறந்து பெரிதாக்கினால்தான் அங்கே ஒரு ஆள் இருப்பதே தெரியும். மீன்கொத்தி முதல் இடம் வாங்கியது. நடைக்கூடம் முதல் பத்தில்கூட இல்லை.

மீன்கொத்தியை எடுத்தவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, அந்த உழைப்பு லேசானதில்லை. தலைப்புக்கு மார்க்கா, அழகுக்கு மார்க்கா என்று வாக்களிப்பவருக்கு நாம் சொல்லவே இல்லையே. சில போட்டிகளில் இரண்டுக்கும் தனித்தனி மார்க் வைக்கிறார்கள். அது உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை. படம் பிடித்துப்போனால் தலைப்புக்கும் கை தானாக 9 போட்டுவிடும். தலைப்பை ஒரு வாசலாக வையுங்கள் என்பேன். முதல் சுற்றில் ஒரே கேள்வி: இது தலைப்புக்குள் வருகிறதா, இல்லையா? படத்துக்கு எடுத்தவர் வைத்த பெயரையும் அந்தச் சுற்றில் காட்டாதீர்கள். 'இரைக்காக' என்று ஒரு சொல்லை ஒட்டி எந்தப் பறவையையும் காத்திருக்க வைத்துவிடலாம். பாதிக்கு மேல் 'இல்லை' என்றால் படம் காட்சியில் இருக்கட்டும், போட்டியில் வேண்டாம். மார்க் இரண்டாம் சுற்றில். தலைப்பை அறிவிக்கும்போதே இரண்டு வரி விளக்கமும் தேவை. 'சிவப்பு' என்றால் படத்தில் எங்காவது சிவப்பு இருந்தால் போதுமா, சிவப்புதான் படத்தையே தாங்க வேண்டுமா? இதை முன்பே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

சிறு படத்தைத் தொட்டதும் மார்க் போடும் வசதியையும் எடுத்துவிடுங்கள். முழு அளவில் திறந்த பிறகுதான் மார்க் கட்டம் தெரிய வேண்டும்.

வாக்களிக்கும் நண்பர்களே, உங்களிடம் இரண்டு விஷயம். எல்லாப் படத்தையும் மார்க் போடாமல் ஒருமுறை பார்த்து முடித்துவிட்டு இரண்டாவது முறை போடுங்கள். முதலில் பார்த்த படத்துக்கு 6 போட்டு, போகப் போக அதைவிடச் சுமாரானதுக்கு 8 போடும் சங்கடம் வராது. இன்னொன்று, 3-க்குக் கீழே போட்டால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். 'அடிவானம் சாய்ந்திருக்கிறது, கண் அங்கேயே போகிறது' என்றால் போதும். வாங்கியவருக்கு அடுத்த படத்துக்கு அது உதவும், எழுத எதுவும் வரவில்லை என்றால் அந்த மார்க்கை நீங்களே இன்னொரு தரம் யோசிப்பீர்கள்.

நடத்துகிறவர்களே, முடிவோடு ஒவ்வொரு படத்துக்கும் வந்த மார்க்குகளைப் பெயரில்லாமல் அப்படியே வெளியிடுங்கள். 6.0 என்ற ஒற்றை எண்ணில் ஒன்றும் தெரியாது. பத்துப் பேர் 9 போட்டார்கள், பத்துப் பேர் 3 போட்டார்கள் என்றால் எடுத்தவருக்கு யோசிக்க ஏதாவது கிடைக்கும்.

இதையெல்லாம் என் பேச்சை நம்பி ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பழைய போட்டிகளின் மார்க் தாள்கள் உங்களிடம் இருக்கும். ஏதாவது மூன்று போட்டிகளை எடுத்து, சொந்தச் சராசரியைச் சேர்த்து, மேலும் கீழும் மூன்று மூன்று மார்க் கழித்து மறுபடி கூட்டிப் பாருங்கள். பரிசு வாங்கிய படங்கள் இடம் மாறவில்லை என்றால், என் கவலை அதிகப்படி என்று வெளிப்படையாக எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். மாறினால், அடுத்த தலைப்பை அறிவிக்கிற அன்றே புது விதியையும் சேர்த்து அறிவியுங்கள்.

அன்புடன்,
உங்கள் போட்டிகளுக்குப் படம் அனுப்பும் ஒரு சக போட்டியாளர்