வானப்படக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வைஃபை இணைப்பு தொடர்ந்து அறுபடுவது குறித்த புகார்

அனுப்புநர்:
இயற்பியல் ஆசிரியர், மேல்நிலைப் பள்ளி,
ஆலங்காயம், திருப்பத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வானியல் கருவிகள் விற்பனை நிறுவனம்.

நாள்: 02.03.2026

பொருள்: கட்டுப்பாட்டுப் பெட்டியின் வைஃபை குறைபாடு, மாற்றுக் கருவி அல்லது முழுத் தொகையைத் திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தொலைநோக்கியின் மீது பொருத்தி, கேமரா, நட்சத்திரத்தைப் பின்தொடர உதவும் வழிகாட்டிக் கேமரா, தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட், குவிய மோட்டார் ஆகிய நான்கையும் டேப்லெட்டிலிருந்தே இயக்க உதவும் தங்கள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியை, 2025 நவம்பர் 24 அன்று ரூபாய் 34,500 செலுத்தி வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை, படமெடுக்கும் கேமரா பெட்டியின் அதிவேக யுஎஸ்பி 3.0 துளையில் இயங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி நேரம்கூடப் பெட்டியின் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இணைப்பு அறுபடாமல் இருந்ததில்லை. இது குறித்துத் தங்கள் சேவைப் பிரிவுக்கு ஐந்து மின்னஞ்சல்கள் அனுப்பினேன். ஐந்துக்கும் பதில் வந்தது. ஒன்றுகூட நான் எழுதியதைப் படித்துவிட்டு எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. ஆகவே இதனை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நான் வசிக்கும் ஆலங்காயம், காவலூர் ஆய்வகம் அமைந்துள்ள ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. 1986 முதல் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இயங்கிவரும் அந்த மலையின் இருண்ட வானம்தான் எங்களைப் போன்ற ஆர்வலர்களின் முதல் சொத்து. ஆனால் அந்த வானம் எந்நாளும் திறந்திருப்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவமழையின் மேகம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. நெபுலாக்கள் எனப்படும் மங்கிய விண்வெளி வாயு மேகங்களைப் படமெடுக்க நிலவில்லாத இரவும் வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்து வாய்ப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை வரும் நான்கு அமாவாசைகளை ஒட்டிய சில இரவுகளே. அவற்றில் இரண்டைத் தங்கள் கருவியினால் இழந்துவிட்டேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத நேர்ந்தது.

முதலாவது, தை அமாவாசைக்கு முந்தைய இரவு, ஜனவரி 17, சனிக்கிழமை. ஓரியன் நெபுலாவை 120 வினாடி வீதம் 120 படங்கள், அதாவது நான்கு மணி நேரம், எடுப்பதாகத் திட்டம். இரவு 7:30க்கு டேப்லெட்டை இணைத்தேன். குவியம் சரிசெய்யும்போது இரண்டு முறையும், வழிகாட்டிக் கேமராவின் அளவுத்திருத்தம் பாதியில் இருக்கும்போது நான்கு முறையும் இணைப்பு அறுந்தது. ஒவ்வொரு முறையும் திரையின் நடுவே அந்த வெள்ளை வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு நிமிடம் கழித்து இணைப்பு திரும்பும்போது அளவுத்திருத்தத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். திரையில் பனி படிந்து, அதை வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்து, படமெடுப்பைத் தொடங்கவே 9:35 ஆகிவிட்டது.

அதற்குப் பின் நடந்ததுதான் பெரிய இழப்பு. ஓரியன் நெபுலா அன்றிரவு ஏறத்தாழ பத்து மணிக்கு உச்சிக்கோட்டை, அதாவது வடக்கு தெற்காகத் தலைக்கு மேலே செல்லும் கோட்டை, கடந்தது. அப்போது மவுண்ட் தொலைநோக்கியை மறுபுறம் திருப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் குழாய் முக்காலியில் மோதும். திருப்புவதற்கு முன் தங்கள் செயலி திரையில் ஒப்புதல் கேட்கிறது. அந்த நேரத்தில் இணைப்பு இல்லை. ஒப்புதல் கிடைக்காததால் மவுண்ட் நின்றுவிட்டது. 120 படங்களில் எனக்குக் கிடைத்தவை 13. 'இணைப்பு அறுந்தாலும் படமெடுப்புத் தொடரும்' என்று தங்கள் விளம்பரக் கையேட்டில் அச்சிட்டிருக்கிறீர்கள். ஒப்புதல் தேவைப்படும் இடத்தில் அது தொடராது என்பதை அதே பக்கத்தில் ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் எழுதிய மின்னஞ்சலுக்கு, செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள், டேப்லெட்டை அணைத்துப் போடுங்கள், மொபைல் டேட்டாவை அணையுங்கள் என்று பதில் வந்தது. இவை தவறான ஆலோசனைகள் அல்ல. இணையம் இல்லாத வைஃபையைக் கண்டதும் பல ஆண்ட்ராய்டு கருவிகள் தாமாகவே அதைக் கைவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும் என்பதும், இருப்பிட அனுமதி தராவிட்டால் சில செயலிகளால் வைஃபை வலையமைப்பைத் தேட இயலாது என்பதும் எனக்குத் தெரியும். எழுதுவதற்கு முன்பே இவற்றையெல்லாம் செய்துவிட்டேன் என்று அதே மின்னஞ்சலில் குறிப்பிட்டுமிருந்தேன். ஒரு டேப்லெட், இரண்டு கைபேசிகள், ஒரு மடிக்கணினி என நான்கிலும் ஒரே விதமாக அறுபடுகிறது என்றால் குறை நான்கிலும் இருக்க முடியாது.

இரண்டாம் பதிலில் மின்சாரத்தின் மீது பழி போட்டீர்கள். குளிரூட்டும் கேமரா முழு வேகத்தில் இயங்கும்போது பேட்டரியின் மின்னழுத்தம் விழுந்து கருவி அணைந்து எழுவது உண்டு என்பதால், அதையும் சோதித்தேன். குளிரூட்டி முழுமையாக ஓட, பனிநீக்கும் பட்டையும் ஓட, பெட்டியின் செருகியிலேயே மல்டிமீட்டரை வைத்து அளந்ததில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. வீட்டு அடாப்டரில் இயக்கியபோதும் இணைப்பு அதேபோல் அறுந்தது. பெட்டியின் பதிவேட்டில் அது ஒரு முறைகூட அணைந்து எழுந்ததாக இல்லை. அதாவது பெட்டி உயிரோடுதான் இருக்கிறது. அதன் வைஃபை மட்டும் ஊமையாகிறது.

அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் இடையூறு என்பது மூன்றாவது பதில். நான் படமெடுக்கும் கொல்லையில் இன்னொரு வைஃபை வலையமைப்பே கிடையாது. ஆயினும் ஒன்றோடொன்று மேற்படியாத 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களிலும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பயன் இல்லை.

அதன்பிறகு பள்ளியில் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் முறையிலேயே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று இரவுகள் சோதித்தேன். தங்கள் தொழில்நுட்பப் பிரிவு இப்பகுதியையாவது பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். மடிக்கணினியை ஆறு மீட்டர் தொலைவில் வைத்து, பெட்டிக்கு இடைவிடாமல் 'பிங்' எனப்படும், பதில் கேட்கும் சிறு செய்திகளை அனுப்பினேன். கேமரா சும்மா இருந்தபோது 3 முதல் 5 மில்லிவினாடிக்குள் பதில் வந்தது. கேமராவை யுஎஸ்பி 3.0 துளையில் செருகி ஐந்து வினாடிக்கு ஒரு படம் எடுக்கச் செய்ததும் அது 400 மில்லிவினாடியைத் தாண்டியது. பதினைந்து நிமிடத்துக்குள் பதிலே நின்றது. அதே கேமராவை, வேறு எதையும் தொடாமல், யுஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றினேன். இரண்டு மணி நேரம் ஒரு முறைகூட அறுபடவில்லை. மீண்டும் 3.0க்கு மாற்றியதும் மீண்டும் அறுந்தது. நல்ல காப்புறை கொண்ட அரை மீட்டர் கேபிளைச் செருகியபோது அறுபடுவது நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறையாகக் குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. இறுதியாக வைஃபையை அணைத்துவிட்டு ஈதர்நெட் கம்பியில் இணைத்தேன். ஐந்து மணி நேரம் எந்தத் தடங்கலும் இல்லை.

இதன் காரணம் துறையினருக்குப் புதியதல்ல. யுஎஸ்பி 3.0 வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்பும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் மீது படர்கிறது என்பதையும், காப்புறை போதாத இணைப்பிகளும் கேபிள்களும் அதை வெளியே கசியவிடும் என்பதையும், ஆன்டெனாவைத் துளையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்பதையும் இன்டெல் நிறுவனம் 2012லேயே அறிக்கையாக வெளியிட்டுள்ளது. தங்கள் பெட்டியில் ஆன்டெனாவின் அடிப்பாகத்துக்கும் யுஎஸ்பி 3.0 துளையின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளவுகோல் வைத்து அளந்தேன். 18 மில்லிமீட்டர். என் கட்டைவிரலின் அகலத்தை வைத்தால் இடைவெளி நிறைந்துவிடுகிறது. பெட்டியின் உடல் அலைகளைத் தடுக்கும் அலுமினியம் என்பதால் ஆன்டெனாவுக்கு வேறு வழியும் இல்லை. இது பயனரின் தவறல்ல, வடிவமைப்பின் தவறு.

யுஎஸ்பி 2.0 துளையையே பயன்படுத்தலாமே என்று தாங்கள் கேட்கலாம். கேமராவிலிருந்து படம் வந்துசேரும் நேரம் அதில் பல மடங்கு கூடுகிறது. குவியம் சரிசெய்யும்போது ஒவ்வொரு படத்துக்கும் காத்திருக்க வேண்டியுள்ளது. மேலும், நான் விலை கொடுத்தது 3.0 துளை உள்ள கருவிக்கு.

இந்த இரைச்சலிலிருந்து தப்ப எளிய வழி 5 கிகாஹெர்ட்ஸ். டிசம்பரில் என் பெட்டியில் அந்தத் தேர்வு இருந்தது. இணைப்பும் அதில் அறுபடாமல் நின்றது. ஆனால் அப்போது வானம் மூடிக் கிடந்ததால் அரைமணி நேரத்துக்கு மேல் சோதிக்க முடியவில்லை. ஜனவரி முதல் வாரத்தில் செயலி கட்டாயப்படுத்திய ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் இயங்கும் மென்பொருள்) புதுப்பிப்புக்குப் பின், நாடு 'இந்தியா' என்று இருந்தால் அந்தத் தேர்வே மறைந்துவிடுகிறது. இதைக் கேட்டதற்குத் தங்கள் நான்காவது பதில், இந்தியாவில் வெளிப்புறத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு அனுமதி இல்லை என்பது. இது உண்மைக்குப் புறம்பானது. இந்திய அரசு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 வரையும் உள்ள மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை, விதித்த ஆற்றல் வரம்புக்குள், உரிமம் பெறாமலே பயன்படுத்தலாம். விற்கும் நாட்டின் விதியை அறிந்துகொள்ளாமல் ஒரு வசதியை நீக்கிவிட்டு, அந்த நாட்டுச் சட்டத்தையே காரணமாகக் காட்டுவது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

ஐந்தாவது பதிலில், ரூபாய் 6,900 விலையுள்ள தங்களுடைய சிக்னல் விரிவாக்கியை வாங்குமாறு பரிந்துரைத்தீர்கள். பெட்டிக்குள்ளேயே இரைச்சல் எழும்போது வெளியே வைக்கும் விரிவாக்கி என்ன செய்யும்? குறையுள்ள பொருளை விற்றவர், அக்குறையை மறைக்க இன்னொரு பொருளை விற்க முனைவது நேர்மையாகாது.

இரண்டாவது இழந்த இரவு பிப்ரவரி 14. அன்று கரீனா நெபுலாவைப் படமெடுக்க எண்ணியிருந்தேன். தில்லியில் அடிவானத்தை ஒட்டியே நின்றுவிடும் அந்த நெபுலா, எங்கள் ஊரில் நள்ளிரவு கடந்து 1:20 அளவில் தெற்கே ஏறத்தாழ 17 பாகை உயரத்துக்கு எழும். அந்த உயரத்தில் பயனுள்ள நேரம் இரண்டு மணி நேரம்தான். ஈதர்நெட் கம்பியைப் பெட்டியிலிருந்து கொட்டகை வரை இழுத்துவைத்து, மவுண்ட் திரும்பும்போதெல்லாம் கம்பி சிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு முறை கம்பி இழுபட்டுக் குவியம் கலைந்ததும், அந்த இரவும் போயிற்று. கம்பியில்லாக் கருவி என்று சொல்லி விற்ற ஒன்றை இப்படிப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. நாளை, மார்ச் 3ஆம் தேதி மாலை, கிரகணம் பிடித்தபடியே நிலா உதிக்கிறது. சுமார் 6:45 வரை அதன் கடைசிக் கட்டத்தைப் பார்க்கலாம். அதை மாணவர்களுக்குப் பெரிய திரையில் காட்டவும் அதே கம்பியைத்தான் நம்பியிருக்கிறேன்.

எனவே நான் கோருவது இதுதான். ஆன்டெனா யுஎஸ்பி 3.0 துளையிலிருந்து போதிய தொலைவில் உள்ள, அல்லது வெளி ஆன்டெனா பொருத்தத்தக்க மாற்றுக் கருவியை, இந்தியாவுக்கான 5 கிகாஹெர்ட்ஸ் தேர்வுடன் எனக்கு அனுப்ப வேண்டும். அப்படியொரு கருவி தங்களிடம் இல்லையெனில் ரூபாய் 34,500ஐயும் திருப்பி அனுப்பும் செலவையும் தர வேண்டும். என் ஒருவனுக்கு மாற்றித் தந்துவிட்டு இதை முடித்துவிடவும் வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸ் தேர்வை அடுத்த ஃபர்ம்வேரில் அனைவருக்கும் மீட்டுத் தந்து, 'இணைப்பு அறுந்தாலும் படமெடுப்புத் தொடரும்' என்ற கையேட்டு வரியையும் திருத்த வேண்டும். பலர் இதே கருவியை வாங்கி, குறை தம்மிடமே இருப்பதாக நம்பி, தங்கள் டேப்லெட்டுகளை மாற்றிக்கொண்டிருக்கலாம்.

மார்ச் மூன்றாம் வாரத்தில் அடுத்த அமாவாசை வருகிறது. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் இல்லாவிடில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.

மூன்று இரவுகளின் பிங் பதிவுகள், பெட்டியின் பதிவேட்டு நகல், அளவுகோலுடன் எடுத்த ஒளிப்படம், ஐந்து மின்னஞ்சல்களும் அவற்றின் பதில்களும், கொள்முதல் ரசீதின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். தங்கள் பொறியாளர் எவரேனும் நேரில் சோதிக்க விரும்பினால், எந்த இரவிலும் கருவியை அமைத்துக் காட்ட அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)