ஒரு வரி அனுமதி கேட்டு, வைஃபை சில்லு நிறுவனத்தாருக்கு

உரிமப் பிரிவு அலுவலர்களுக்கு வணக்கம்.

உங்கள் சில்லு இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் கோப்பை, மாற்றாமல் அப்படியே எவரும் பிறருக்கு வழங்கலாம் என்று உரிமத்தில் ஒரு வரி சேர்க்கும்படி மூன்று முறை எழுதிவிட்டேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று மூன்று முறையும் நொடியில் பதில் வந்தது. உங்கள் சில்லுக்குக்கூட அந்த வேகம் கிடையாது.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததும், ஓர் அலுவலகம் கழித்த பதினொரு மடிக்கணினிகள் எங்கள் ஊர் நூலகத்துக்கு நன்கொடையாக வந்தன. கடந்த ஞாயிறன்று அவற்றில் டெபியன் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினோம். எல்லாம் வேலை செய்தது, வைஃபையைத் தவிர. கோப்பு இணையத்தில் இருக்கிறது. இணையத்துக்குப் போக அந்தக் கோப்பு வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை.

கைபேசியைக் கேபிளில் இணைத்து, உங்கள் விண்டோஸ் டிரைவரைப் பதிவிறக்கி, அதன் வயிற்றைக் கிழித்துக் கோப்பை உருவினேன். அதைப் பென்டிரைவில் போட்டு மற்ற பத்துக்கும் கொடுத்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். நூலகர் உரிமத்தைப் படித்துவிட்டு, "பகிரக் கூடாது என்றிருக்கிறதே தம்பி, எழுத்தில் அனுமதி இருக்கிறதா?" என்றார். அரசு ஊழியர், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாகப் பதிவிறக்கம். ஐந்தாவதை முடித்ததும் என் டேட்டா தீர்ந்தது.

அந்தக் கோப்பை உருவாக்க உங்கள் பொறியாளர்கள் எழுதிய மூலநிரலை நான் கேட்கவில்லை. 2004இல் ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு இலவச இயங்குதளத்தின் குழுவினர் சில்லு நிறுவனங்களிடம் மன்றாடியதும் வழங்கும் உரிமைக்காகத்தான். மூலநிரல் இல்லாத ஃபர்ம்வேரையும் டெபியனை நிறுவும் தொகுப்பில் சேர்க்கலாம் என்று டெபியன் உறுப்பினர்கள் 2022இல் வாக்களித்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அப்படியே வருகிறது. மூலநிரல் திறந்திருக்க வேண்டும் என்ற கொள்கைப் பிடிப்புக்குப் பேர்போன அவர்களே இறங்கி வந்துவிட்டார்கள். ஆனால் பகிரக் கூடாது என்று நீங்கள் பூட்டிய கோப்பை அவர்களாலும் சேர்க்க முடியாது.

அந்தக் கோப்பு உங்கள் சில்லைத் தவிர வேறெதற்கும் உதவாது. சில்லுக்கோ காசு வாங்கியாயிற்று. யானையைக் கொடுத்தவர் அங்குசத்துக்குப் பிணங்கலாமா? இதில் உங்கள் அட்டைப்பெட்டி மீது பச்சை இலை வேறு. நல்ல கணினியைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு அட்டையை மறுசுழற்சி செய்கிறீர்கள். இலை அச்சிட்ட மையின் விலைகூட ஆகாது, நான் கேட்கும் வரிக்கு.

மன்னியுங்கள், மரியாதையாக எழுதவே உட்கார்ந்தேன். மாற்றாமல் வழங்கலாம் என்ற அந்த ஒரு வரியைத் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். உரிமத்தைத் திருத்த நாளாகும் என்றால், அதுவரை உங்கள் கடிதத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினாலும் போதும். நூலகர் அதைத் தம் கோப்பில் சேர்த்துக்கொள்வார்; அலமாரியில் கிடக்கும் ஆறு கணினிகளையும் மறுநாளே முடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
நூலகத்துக்குக் கணினி நிறுவித் தரும் தன்னார்வலர்